நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரே நம்பர்

போன வாரம் அப்பா மாடிப்படியில் மாட்டிக்கொண்டார். முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த மனுஷர், லிஃப்ட் ரிப்பேர் என்று எழுதி ஒட்டிய சொந்தக் குடியிருப்பில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டுக்காரர் பார்த்து, கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வீட்டில் சேர்த்தார்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருக்கிறது. ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் கத்தி வைக்க வேண்டுமா, மாத்திரையிலேயே ஓட்டலாமா என்று தெரிந்துவிடும். டாக்டர் இதைச் சொல்லி நான்கு மாதமாகிறது. அந்த ஸ்கேன்தான் இன்னும் எடுத்தபாடில்லை.

மூன்று தடவை தேதி கொடுத்தார்கள். மூன்று தடவையும் அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு அரைமணி முன்னதாகவே போய் நின்றார். மூன்று தடவையும், உங்கள் நேரம் வேறொருவருக்குப் போய்விட்டது, மறுபடி தேதி வரும் என்று திருப்பி அனுப்பினார்கள். இத்தனைக்கும் அவர் பெற்ற இரண்டும் அதே ஆஸ்பத்திரியில்தான் வேலை பார்க்கின்றன. பெரியவள் பின்கட்டிடத்தில் டேட்டா பிரிவில். சின்னவன் முன்வாசலில் ஏழாம் நம்பர் பதிவு கவுண்டரில். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

முதல் தடவை வீட்டில் கோபப்பட்டார்கள். இரண்டாம் தடவை அம்மா அழுதாள். மூன்றாம் தடவை அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார், அம்மா சோறு போட்டாள், பெரியவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் உட்கார்ந்த சேதி வந்தபோதுகூட அவளுக்குப் பதற்றம் வரவில்லை. சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பாதியில் நின்ற வேலையை முடித்துவிட்டுத்தான் கிளம்பினாள். அது அவளுக்கே பிறகுதான் உறைத்தது.

இன்று வியாழக்கிழமை. காலை பத்து மணிக்குப் பெரியவள் தன் திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அவள் வேலை என்ன என்று அம்மாவைக் கேட்டால், கம்ப்யூட்டருக்கு டியூஷன் எடுக்கிறாள் என்பாள். அது அப்படியொன்றும் தப்பில்லை. தேதி வாங்கிய நோயாளிகளில் பத்துக்கு மூன்று பேர் வருவதில்லை. டாக்டரும் மெஷினும் சும்மா இருக்கும். அதனால் யார் வருவார், யார் வரமாட்டார் என்று முன்கூட்டியே சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு மாடல் செய்தார்கள். பழைய பதிவுகளை லட்சக்கணக்கில் காட்டிப் பழக்கிய கணிப்பு எந்திரம் அது. வயசு, வீட்டுத் தூரம், போன தடவை வந்தாரா, போன் அடித்தால் எடுத்தாரா என்று எல்லாவற்றையும் பார்த்து ஆளுக்கொரு ஸ்கோர் போடும்.

ஸ்கோர் எண்பதைத் தாண்டினால் அந்த ஆள் வரமாட்டார் என்பது அதன் தீர்ப்பு. அப்படிப்பட்டவருக்கு முதல்நாள் மாலை ஒரு எந்திரக் குரல் போன் செய்யும். வருவதாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். அழுத்தாவிட்டால் அவர் நேரம் அடுத்தவருக்குப் போய்விடும். யார் பேருக்குப் போன் என்பதைச் சொல்லாது. நோயாளியின் ரகசியம் காக்கிறார்களாம்.

இந்த எந்திரம் இரண்டு மாதமாக ஓரிடத்தில் சொதப்புகிறது. வரமாட்டார்கள் என்று அது சொன்னவர்கள் வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் பெரியவளிடம் கொடுத்திருந்தார்கள். வழக்கமாக மறைத்து வைக்கும் போன் நம்பர் பத்தியை இன்று ஒருநாள் மட்டும் பார்க்க அனுமதியும் கொடுத்தார்கள்.

அவள் நம்பர்களை அடுக்கச் சொன்னாள். எந்த நம்பர் எத்தனை பேருக்கு இருக்கிறது, அதிகம் இருப்பது மேலே. ஒரே வீட்டில் நாலு பேர் ஐந்து பேர் ஒரு நம்பரைப் போடுவது சகஜம்தான். முதல் வரியில் நானூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது.

பக்கத்தில் இருந்த நம்பரை அவள் படிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. பள்ளிக்கூட அடையாள அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, தொலைந்துபோனால் இதைச் சொல்லு என்று மனப்பாடம் செய்யவைத்த நம்பர். அம்மாவின் நம்பர்.

தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும். அவளும் அதற்காகக் கொஞ்சம் காத்துக்கூடப் பார்த்தாள். ஊசி போட்ட பிறகு பல் டாக்டர் கன்னத்தைத் தட்டினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. தட்டியது தெரிகிறது, வலிதான் இல்லை. கீழே இறங்கிப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பதிவும் ஏழாம் நம்பர் கவுண்டரில் ஏற்றியவை. அதாவது தம்பி.

இருநூற்று முப்பத்தெட்டாவது வரியில் அப்பா இருந்தார். ஆண், அறுபத்துமூன்று, வால்வு ஸ்கேன், ஸ்கோர் தொண்ணூற்று நான்கு.

அம்மா நம்பரில்தானே அப்பாவையும் பதிந்திருக்கிறார்கள். அந்த நம்பருக்குப் போன் போட்டால் யாரும் ஒன்றை அழுத்துவதில்லை என்று எந்திரம் நானூறு தடவை பாடம் படித்திருக்கிறது. அழுத்தாததால் நேரத்தைப் பறித்தது. நேரம் பறிபோனவர் நேரில் வந்து நின்றாலும் பதிவில் வரவில்லை என்றே ஏறியது. அதையே மறுபடி படித்து, இந்த நம்பர்காரர்கள் வரமாட்டார்கள் என்று இன்னும் உறுதியாக நம்பியது. தன் தப்பைத் தானே பார்த்து எழுதி, முழு மதிப்பெண் போட்டுக்கொண்ட வாத்தியார்.

பிரிவு மேலாளர் காபிக் கோப்பையோடு வந்து அவள் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். ஒரே நம்பர் நானூறு தடவையா, இது அவுட்லையர்தானே, தூக்கிவிடுங்கள் என்றார். அவுட்லையர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வகுப்பில் எல்லாரும் ஐந்தடி இருக்கும்போது ஒருவன் மட்டும் ஒன்பதடி இருந்தால், அவனை விட்டுவிட்டுச் சராசரி பார்ப்பார்கள் அல்லவா, அந்த ஒன்பதடிக்காரன். தூக்கினால் பதிவோடு ஆட்களும் போவார்கள், தொடர்பு நம்பர் சரியில்லை என்று நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் தேதி நின்றுபோகும், யார் ஏற்றினார்கள் என்ற விசாரணையும் வரும். திங்கட்கிழமை முழு அறிக்கை தருகிறேன் என்றாள். மேலாளருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மதியம் ஒரு மணிக்கு அவள் முன்வாசலுக்குப் போனாள். ஏழாம் கவுண்டரில் சாப்பாட்டு நேரப் பலகை தொங்கியது. உள்ளே சின்னவன் டப்பாவைத் திறக்காமல் பிரிண்டருக்குப் பேப்பர் மாற்றிக்கொண்டிருந்தான்.

"அம்மா நம்பர எத்தனை பேருக்குப் போட்டிருக்க?" என்று கேட்டாள்.

அவன் மழுப்பவில்லை. "எண்ணலக்கா."

"நானூத்திப் பன்னிரண்டு."

"அவ்வளவா?" என்றான். பிரிண்டர் மூடியைச் சாத்தினான்.

பிறகு அவன் சொன்னது இதுதான். போன் நம்பர் கட்டம் காலியாக இருந்தால் திரை அடுத்த பக்கத்துக்கு நகராது. ஒன்பதாக அடித்துப் பார்த்தான், தப்பு நம்பர் என்று துப்பியது. உண்மையான நம்பர் வேண்டும், அந்த நம்பருக்கு ஆறு இலக்கக் கோட் வரும், அதை உடனே அடிக்க வேண்டும். கவுண்டரில் செல்போன் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. போன் இல்லாதவர் வந்து நின்றால் திருப்பி அனுப்பு என்பதுதான் உத்தரவு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு கிழவர் மூன்று பஸ் மாறி வந்து நின்றார். அவரை அனுப்ப மனசு வராமல், மேஜை போனில் அம்மாவைக் கூப்பிட்டு, ஒரு கோட் வரும், சொல்லும்மா என்றான். அம்மா சொன்னாள்.

அப்படியே ஒன்றரை வருஷம். அம்மாவுக்கு இது பிடித்தும்போனது. சமையலறை ஜன்னலில் போனைச் சாய்த்து வைத்து, பக்கத்தில் மூக்குக்கண்ணாடியையும் வைத்திருந்தாள். பிள்ளை அநேகமாகத் தினமும் கூப்பிடுகிறான், ஆஸ்பத்திரி வேலையில் தன் கையும் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு பெருமை. சாயங்காலம் அடிக்கும் எந்திரக் குரல்தான் தொல்லை. யாருக்கு என்று சொல்லாத போனை எத்தனை நாள் கேட்பது. கட் பண்ணிவிடுவாள்.

"என் நம்பர் போட்டிருக்கலாமே" என்றாள் பெரியவள்.

"நீ எடுக்க மாட்டியேக்கா."

அது உண்மைதான். அவள் விஷயத்துக்கு வந்தாள். அப்பாவின் ஸ்கோரைச் சொன்னாள், அது ஏன் அப்படி ஏறியது என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். அவன் சாப்பாட்டு டப்பாவை நகர்த்தி வைத்தான், திரும்ப எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தான். மூன்று தடவை அப்பாவைத் திருப்பி அனுப்பியது பக்கத்துக் கவுண்டர்காரர் என்று இத்தனை நாள் அவர் மேல் கறுவிக்கொண்டிருந்தவன் அவன்.

"நான்தானா" என்று கேட்டான்.

"இப்ப அப்பா நம்பர மாத்து. என் நம்பரப் போடு. குடும்பத்து ஆள் நேர்ல வந்து கேட்டா மாத்தலாம்ல?"

மாற்றலாம். அதில் தப்பே கிடையாது, தினமும் பத்துப் பேர் மாற்றுகிறார்கள். அவன் அடித்தான். அவள் பையில் போன் ஒருமுறை அதிர்ந்தது.

"கோட் சொல்லுக்கா."

ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பதினொன்று ஆயிற்று.

மத்தவங்களுக்கு என்ன செய்வது என்று அவன் கேட்டான். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம், முதலில் அப்பா என்றாள். இப்போதே சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவைப்பார்கள், விசாரணை முடியும்வரை நம் குடும்பப் பதிவு என்று அப்பாவுக்கும் சேர்த்துப் பூட்டுப் போடுவார்கள், உன் வேலையும் போகும் என்றாள். இதையெல்லாம் அவள் கடைச் சாமான் சொல்வதுபோல் ஒரே தொனியில் சொன்னாள். அவன் தலையாட்டினான். பலகையைத் திருப்பி வைத்துக் கண்ணாடி ஜன்னலைத் திறந்தான். வரிசையில் முதல் ஆள் சீட்டை நீட்டினார்.

மூன்று மணிக்கு அப்பாவின் ஸ்கோர் பதினொன்றுக்கு இறங்கியது. அவர் வயசு மாறவில்லை, நெஞ்சு மாறவில்லை, வீட்டுத் தூரம் மாறவில்லை. நம்பர் மட்டும் மாறியது. திரையில் சிவப்புக் கட்டம் பச்சையானதைப் பெரியவள் பார்த்தாள். சந்தோஷப்படலாம் என்று நினைத்தாள்.

ஐந்தரை மணிக்கு வீட்டுக்குள் நுழையும்போது அவள் போன் அடித்தது. அதே எந்திரக் குரல். நாளை காலை ஒன்பதரை மணிக்கு ஸ்கேன் பிரிவில் ஒரு நேரம் காலியாகியிருக்கிறது, வருவதாக இருந்தால் ஒன்றை அழுத்தவும். செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுத்தினாள்.

அந்த வீட்டில் நான்கு மாதத்துக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்தார், எழுந்த வேகத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், நின்றபடியே சிரித்தார். நாலாவது தடவை போகிறேன், இனிமேல் சட்டையை மட்டும் அனுப்பினால்கூட அதுவே வழி கேட்காமல் போய்ச் சேரும் என்றார். அம்மா அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். உட்கார வைத்த கையை எடுக்கவில்லை. அவர் உதடு கொஞ்சம் நீலம் பூத்திருந்ததை அம்மாவும் பார்த்தாள், பெரியவளும் பார்த்தாள்.

ஆறேகாலுக்குச் சின்னவன் வந்தான். ஷூவைக் கழற்றாமல் வெளி நடையிலேயே நின்று, கொஞ்சம் வா என்று அக்காவைக் கண்ணால் கூப்பிட்டான். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு ஒன்பதரை யாரோட நேரம்னு தெரியுமா?" என்றான்.

"காலியான நேரம்."

"ஏதோ ஒரு கேண்டீன்ல பாத்திரம் கழுவுற ஒரு அம்மாவோடது. மத்தியானம் நீ போனதுக்கு அப்புறம் நாளைக்கு லிஸ்ட்டப் பாத்தேன், அவங்க பேர்தான் இருந்துச்சு. கிளம்பறப்போ பாத்தேன், அப்பா பேர் இருக்கு."

அந்த அம்மாவை அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. நாலு மாதத்துக்கு முன்னால் அவன்தான் பதிந்தான். கவுண்டருக்கும் பெஞ்சுக்கும் நடுவே இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தாள். வால்வுதான், அப்பாவுக்கு இருப்பதே. போன் இல்லை. இதற்கு முன்னால் ஒரு தேதி போய்விட்டது. அவளுக்கும் தன் அம்மா நம்பரைத்தான் போட்டிருந்தான்.

பெரியவள் உள்ளே திரும்பி, ஐந்து மணிக்கு ஏதாவது போன் வந்ததா என்று கேட்டாள். வந்துச்சு, வழக்கமான அந்த எந்திரம்தான், ஒன்ன அழுத்து ஒன்ன அழுத்துன்னு கத்திச்சு, கட் பண்ணிட்டேன், ஏன் என்றாள் அம்மா. ஒண்ணுமில்லம்மா என்றாள் பெரியவள்.

சின்னவன் சட்டைப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தான். விலாசம். இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் வீடு.

"நான் போய் அவங்கள முன்னாடியே என் கவுண்டருக்கு வரச் சொல்லட்டுமா? காலையில உட்கார்ந்ததும் அப்பா நேரத்த ரத்து பண்ணி அவங்களுக்கே திருப்பிப் போட்டுடலாம். அப்பாவுக்கு இப்ப ஸ்கோர் நல்லாருக்கு, ரெண்டு வாரத்துல வேற தேதி கண்டிப்பா வரும்."

"ரெண்டு வாரம் தாங்குவாரா?"

"தெரியலக்கா. அவங்க தாங்குவாங்களான்னும் தெரியல." சீட்டை மடித்தான், பிரித்தான். "வேண்டாம்னு சொல்லு, போகல. நீ சொல்றதுதான்."

அவள் நின்றாள். நடையில் யார் வீட்டிலிருந்தோ குக்கர் சத்தம் வந்தது. எண்களாக இருந்தவரை எளிதாக இருந்தது, நானூற்றுப் பதினொன்றில் எந்த வரிக்கும் முகம் கிடையாது. இப்போது ஒரு வரிக்கு ஈரக் கை வந்துவிட்டது. அழவேண்டும் என்று தோன்றியது, அழுகை வரவில்லை.

உள்ளேயிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பணும்மா?"

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டரைக்குப்பா" என்றாள்.

சின்னவன் குனிந்து ஷூ நாடாவை அவிழ்க்கத் தொடங்கினான். இடது காலை முடித்து வலது காலுக்குப் போனபோது, பெரியவளின் முதுகுக்குப் பின்னால் செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

அம்மா நின்றிருந்தாள். தோளில் பை, கையில் மூக்குக்கண்ணாடி. எவ்வளவு நேரமாக அங்கே நின்றாள் என்று தெரியவில்லை. முகத்தில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை.

"அந்த விலாசத்த எங்கிட்ட குடுடா" என்றாள்.

அவன் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான்.

"அவகிட்ட என்ன கேக்கற? கட் பண்ணினது நான்."

"அம்மா, அப்பாவுக்கு" என்று ஆரம்பித்தாள் பெரியவள்.

"எனக்குத் தெரியாதா அவர் எப்படி இருக்காருன்னு. ராத்திரியெல்லாம் அவர் மூச்ச எண்ணிக்கிட்டுப் படுத்திருக்கறது நான்தான்." அம்மா கையை நீட்டினாள். "வழிய விடுடி."

உள்ளே அப்பா அலமாரியைத் திறந்து சட்டை தேடிக்கொண்டிருந்தார். எட்டரை என்றால் ஏழுக்கே என்னை எழுப்பிவிடுங்கள், நான் மெதுவாகத்தான் படி இறங்க வேண்டும் என்று யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்.

பெரியவள் வாசல்படியில் நின்றிருந்தாள். இரண்டு கையும் கதவு நிலையைப் பிடித்திருந்தன. அவள் நகரவில்லை.